லிபர்ட்டி: அடிமையின் வீட்டில் பிறந்த சொல்

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்து உச்சியில் ஒரு வெண்கலப் பெண் நிற்கிறாள். உயரம் 19 அடி 6 அங்குலம். பெயர் ‘ஃப்ரீடம்’. அவள் தலையில் இப்போது இருப்பது கழுகுத் தலையும் இறகுகளும் கொண்ட போர்க்கவசம். ரோமாபுரியில் வாழ்ந்த அமெரிக்கச் சிற்பி தாமஸ் கிராஃபோர்ட் அவளுக்கு வைக்க நினைத்தது வேறு: விளிம்பில்லாத, மெத்தென்ற ஒரு கம்பளித் தொப்பி. 1850களின் நடுவில் அந்த வரைபடம் வாஷிங்டனுக்கு வந்தபோது, கட்டடப் பணிக்குப் பொறுப்பாக இருந்த போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ் தொப்பியை ஏற்க மறுத்தார். அது விடுவிக்கப்பட்ட அடிமையின் அடையாளம். சுதந்திரமாகவே பிறந்த மக்களுக்கு அது பொருந்தாது என்பது அவர் வாதம். டேவிஸ் மிசிசிப்பியில் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தவர். சில ஆண்டுகளில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குத் தலைவரானவரும் அவரே.

தொப்பி போயிற்று, கவசம் வந்தது. கிராஃபோர்ட் இறந்த பிறகு அவர் செய்த பிளாஸ்டர் மாதிரி கப்பலில் வாஷிங்டன் வந்து சேர்ந்தது. ஐந்து பாகங்களைப் பூட்டி, மூட்டுகளின் மேல் சாந்து பூசி மறைத்திருந்தார்கள். வார்ப்பதற்காக அதைப் பிரிக்க வேண்டிய நேரத்தில், பூட்டிய இத்தாலியக் கைவினைஞர் கூலியை உயர்த்தினால்தான் மூட்டு எங்கே இருக்கிறது என்று சொல்வேன் என்றார். வார்ப்புப் பட்டறை உரிமையாளர் கிளார்க் மில்ஸிடம் ஃபிலிப் ரீட் என்ற தொழிலாளி இருந்தார். சிலையின் உச்சந்தலையில் இருந்த இரும்பு வளையத்தில் கப்பிக் கயிற்றை மாட்டி, மெல்ல மெல்ல மேலே இழுக்கச் சொன்னார். பாரம் ஏற ஏற, சாந்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது. அதுதான் மூட்டு. இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

ஃபிலிப் ரீட் மில்ஸின் அடிமை. இளைஞராக இருந்தபோது அவரைத் தென் கரோலினாவில் 1,200 டாலருக்கு மில்ஸ் வாங்கியிருந்தார். வாரத்தில் ஆறு நாள் உழைப்பின் பயன் மில்ஸுக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் அரசு ரீட்டின் கையில் கூலி கொடுத்தது: நாளொன்றுக்கு 1.25 டாலர். அச்சுகளுக்கு அடியில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டதற்காக 33 ஞாயிறுகளுக்கு 41.25 டாலர் வாங்கினார். கையெழுத்து இட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. 1862 ஏப்ரலில் தலைநகரின் அடிமைகளை விடுவிக்கும் சட்டம் வந்தது. 1863 டிசம்பர் 2 அன்று சிலையின் கடைசிப் பாகம் குவிமாடத்தில் ஏறியபோது ரீட் விடுதலை பெற்ற மனிதர்.

ஆங்கிலத்தில் விடுதலையைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. ஃப்ரீடம் ஒன்று, லிபர்ட்டி மற்றொன்று. அதிகம் பயணப்பட்டதும் அதிகம் சண்டைக்கு இழுக்கப்பட்டதும் லிபர்ட்டிதான் என்பதால் அதையே இங்கே பின்தொடர்கிறேன். டேவிஸ் அந்தத் தொப்பிக்கு அஞ்சியதில் காரணம் இருந்தது. லிபர்ட்டி என்ற சொல் அடிமையின் பக்கத்தில் நின்றால்தான் பொருள் தரும்; அவனை மறைத்துவிட்டு அதைச் சொன்னவர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள்; மறைக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு முறையும் அதை எழுத்துக்கு எழுத்து வாசித்துத் திருப்பிக் கேட்டார்கள். அச்சொல்லின் வரலாறாக நான் காண்பது இதைத்தான்.

லத்தீன் மொழியில் லிபர் என்றால் அடிமையல்லாதவன். லிபெர்தாஸ் அவனுடைய நிலை. பன்மையில் லிபெரி என்றால் பிள்ளைகள்: ஒரே கூரையின் கீழ் வளரும் அடிமைச் சிறுவர்களிலிருந்து வேறுபட்ட, வீட்டுக்காரனின் சொந்தப் பிள்ளைகள். காயஸ் எழுதிய ரோமானியச் சட்டப் பாடநூல், மனிதர் எல்லாரும் சுதந்திரர் அல்லது அடிமைகள் என்றுதான் பிரிவினையைத் தொடங்குகிறது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் பிறகு.

ஒரு வகை விடுவிப்புச் சடங்கு நீதித்துறை அதிகாரியின் முன்னால் நடக்கும். அடிமையைக் கோலால் தொட்டு, இவன் சுதந்திரன் என்று ஒருவர் உரிமை கோருவார். எசமான் மறுக்காமல் கையை எடுத்துவிடுவான். கையிலிருந்து அனுப்புதல் என்பதே அந்தச் சடங்கின் லத்தீன் பெயருக்கு நேர்ப்பொருள். விடுபட்டவன் தலையை மழித்து, பிலெயுஸ் என்ற கம்பளித் தொப்பியை அணிவான். அதே தொப்பிதான் 18 நூற்றாண்டுகளுக்குப் பிறகு டேவிஸின் மேசைக்கு வந்தது.

ரோமானியர் லிபெர்தாஸைப் பெண் தெய்வமாக்கி, கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அவென்டைன் குன்றில் கோயில் எழுப்பினார்கள். அரசியல்வாதிகள் அவளைப் பிடித்து இழுப்பதும் சீக்கிரமே தொடங்கிவிட்டது. கி.மு. 58இல் சிசெரோ நாடுகடந்து போக நேர்ந்தபோது, அவருடைய எதிரி குளோடியுஸ் அவர் வீட்டை இடித்து அந்த மனையிலேயே லிபெர்தாஸுக்குச் சன்னிதி வைத்தான். சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட வெள்ளிக்காசு இன்னும் வெளிப்படையானது: நடுவில் அடிமையின் தொப்பி, இரு பக்கமும் இரண்டு குத்துவாள்கள், கீழே கொலை நடந்த மார்ச் நாளின் பெயர். ரோம் அடிமைப்பட்டிருந்தது, விடுவித்தோம் என்பது அந்தக் காசின் செய்தி. அதைக் கையில் வாங்கிய எத்தனை வீட்டுக்காரர்களின் அடுக்களையில் அடிமைகள் இருந்திருப்பார்கள் என்று எண்ணாமல் என்னால் அந்தக் காசின் படத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஆங்கிலேயரிடம் லிபர்ட்டி வந்தது பிரெஞ்சு வழியாக. 1066இல் நார்மண்டியார் இங்கிலாந்தை வென்ற பிறகு சட்டமும் அரசவையும் பிரெஞ்சு பேசின. 14ஆம் நூற்றாண்டில் லிபர்ட்டி ஆங்கில எழுத்தில் குடியேறிவிட்டது. ஃப்ரீடம் அதைவிட மூத்த வீட்டுச்சொல். அதன் வேரைத் தோண்டினால் நமக்குத் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்படும். ஃப்ரீ என்ற சொல்லும் சமஸ்கிருதத்தின் ‘ப்ரிய’ என்ற சொல்லும் ஒரே தொல்வேரில் பிறந்தவை. நாம் பிரியம் என்று சொல்லும்போதெல்லாம் அந்த வேரைத்தான் தொடுகிறோம். நண்பனைக் குறிக்கும் ஃப்ரெண்டும் அதே குடும்பம். பழைய ஜெர்மானியக் குடிகளுக்கு, பிரியத்துக்குரிய சொந்தங்களில் ஒருவராக இருப்பவர் ஃப்ரீ. அந்த உறவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அடிமை.

ஜெர்மன் மொழியில் ஒரு சொல்தான், பிரெஞ்சிலும் ஒன்றுதான். இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கும் ஆங்கிலத்தில் அவை இரட்டையரா, வேறு வேறா என்று அறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள். ஹன்னா பிட்கின் 1988இல் இதற்கென்றே கட்டுரை எழுதினார். வரலாற்றாசிரியர் டேவிட் ஹாக்கெட் ஃபிஷர் 2004இல் வெளியிட்ட பெரிய நூலில், லிபர்ட்டி தனித்து நிற்றலையும் ஃப்ரீடம் சேர்ந்திருத்தலையும் அடியில் கொண்டவை என்றார். அழகான பிரிப்பு. ஆனால் லத்தீன் லிபர், கிரேக்க எலியுதெரோஸ் இரண்டின் வேரும் ‘மக்கள்’ என்ற பொருளைச் சார்ந்தது என்பதை வைத்துப் பார்த்தால், இந்தப் பிரிப்பு வேர் வரை நிற்காது. இரண்டு சொற்களும் ‘நம்மவர்’ என்ற ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை. நம்மவர் அல்லாதவர் யார் என்ற கேள்வி இரண்டுக்குள்ளும் இருக்கிறது.

பேச்சு வழக்கில் இரண்டும் பங்கு பிரித்துக்கொண்டன. சட்டத்தின் காவலில் உள்ள உரிமைகளைச் சொல்ல லிபர்ட்டியின் பன்மை வரும். பசியிலிருந்து, அச்சத்திலிருந்து என்று எதிலிருந்தாவது விடுபடுவதைச் சொல்ல ஃப்ரீடம் வரும். 1941 ஜனவரி 6 அன்று ரூஸ்வெல்ட் அறிவித்த நான்கும் ஃப்ரீடம்கள்தாம். மாலுமிக்குக் கரையில் இறங்கக் கிடைக்கும் அனுமதி லிபர்ட்டி. வரம்பு மீறி ஒருவரிடம் நடந்துகொள்வது லிபர்ட்டி எடுத்துக்கொள்வது; நம் வீடுகளிலேயே ‘ரொம்ப லிபர்ட்டி எடுத்துக்கிறான்’ என்று சொல்கிறோம். ஒழுக்கங்கெட்டவனைக் குறிக்கும் லிபர்ட்டின் என்ற சொல், விடுவிக்கப்பட்ட அடிமையைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எசமானர்களின் பார்வை ஒரு சொல்லுக்குள் எவ்வளவு காலம் தங்கிவிடுகிறது!

ஃப்ரீக்கு ‘காசில்லாமல்’ என்ற பொருளும் சேர்ந்தது தனிச் சங்கடம். 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்று தாம் சொல்வது விலையைப் பற்றியதல்ல, உரிமையைப் பற்றியது என்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. தமிழில் அதைக் கட்டற்ற மென்பொருள் என்றார்கள். ஆங்கிலத்தின் குழப்பம் தமிழுக்கு வராமல் தடுத்த நல்ல சொல்லாக்கம் அது.

இடைக்கால ஐரோப்பாவில் லிபர்ட்டிக்கு இருந்த பொருளைத் தெரிந்துகொண்டால் இன்றைய வாசகர் திகைப்பார். அப்போது அது எல்லாருக்கும் பொதுவான ஒன்றாக இல்லை. இன்னாருக்கு இன்ன வரி கிடையாது, இந்த மடம் தன் எல்லைக்குள் தானே வழக்கு விசாரிக்கலாம் என்று மன்னர் எழுதிக் கொடுத்த சலுகை ஒவ்வொன்றும் ஒரு லிபர்ட்டி. 1215 ஜூனில் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னர் முத்திரையிட்ட மாபெரும் சாசனம் பேசுவது இத்தகைய பன்மை உரிமைகளைத்தான். சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் பிடிக்கவோ சிறையிடவோ கூடாது என்னும் அதன் புகழ்பெற்ற பிரிவில் ‘சுதந்திர மனிதன்’ என்ற சொற்களைக் கடந்து போய்விடக் கூடாது. பிரபுவின் நிலத்தோடு கட்டப்பட்ட உழவர்கள் அந்தச் சொற்களுக்குள் வரவில்லை; அவர்கள் தொகை அந்நாட்டில் மிகப் பெரிது. அந்த உழவனுக்கு ஆங்கிலத்தில் வில்லன் என்று பெயர். அதே சொல் இகழ்ச்சியாகித் தீயவனைக் குறித்து, கடைசியில் நம் திரைப்படங்களுக்கும் வந்து சேர்ந்தது.

நிலப்பகுதியும் லிபர்ட்டி எனப்பட்டது. தேம்ஸ் நதியின் தென்கரையில் வின்செஸ்டர் ஆயரின் ஆட்சிக்குட்பட்ட ‘லிபர்ட்டி ஆஃப் தி கிளிங்க்’ இருந்தது. லண்டன் மாநகர அதிகாரிகளின் கை அங்கே எட்டாது. நகரத்தார் வெறுத்த நாடகக் கொட்டகைகள் அங்கே எழுந்தன: 1587இல் ரோஸ், 1599இல் ஷேக்ஸ்பியரின் குளோப். அதே எல்லைக்குள் ஆயருக்குச் சொந்தமான கிளிங்க் சிறையும் இருந்தது. சிறையை ‘கிளிங்க்’ என்று ஆங்கிலக் கொச்சையில் சொல்வது அதன் நினைவாகத்தான். லிபர்ட்டி என்ற பெயருள்ள இடத்தில் ஆயருக்குத் தம் விருப்பப்படி சிறை நடத்தும் உரிமை இருந்தது. அந்த இடத்துக்கு அப்பெயர் வந்ததே அவருடைய அந்த உரிமையால்தான்.

இது நமக்கு அந்நியமான பொருள் வளர்ச்சி என்று எண்ண வேண்டாம். சுதந்திரம் என்ற சொல் தமிழ்நாட்டில் இதே பாதையில் நடந்திருக்கிறது. தன் நெறிப்படி நடப்பது என்பது அதன் சமஸ்கிருதப் பொருள். ஆனால் தமிழகத்து ஊர்களிலும், பிறகு சென்னை மாகாணத்து வருவாய்த்துறை ஆவணங்களிலும் சுதந்திரம் என்றால் களத்துமேட்டில் கிடைக்கும் பங்கு. அறுவடை முடிந்து நெல் குவிந்ததும் மிராசுதாரருக்கு இவ்வளவு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு இவ்வளவு என்று வழிவழியாக அளக்கும் நெல்லே சுதந்திரம். தமிழ் விவிலியத்தைத் திறந்தால் சுதந்தரம் என்பது தகப்பன் சொத்து. சுதந்தரவாளி என்பவர் வாரிசு. சுதந்தரித்தல் என்றால் மரபுரிமையாகப் பெறுதல். ரன்னிமீட்டின் பிரபுக்களும் செங்கல்பட்டின் மிராசுதாரர்களும் ஒரே பொருளில் சுதந்திரம் கேட்டவர்கள்: வழிவழி வந்த பங்கு, அதில் வேறொருவர் கைவைக்கக் கூடாது. மிராசு நிலங்களில் உழைத்த பண்ணையடிமைகள் அந்தச் சுதந்திரத்தோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். அதை உடையவர்களாக எண்ணப்படவில்லை. இந்தியாவில் அடிமை உடைமையைச் சட்டம் ஏற்காது என்று கம்பெனி அரசு சொன்னது 1843இல்தான்.

சலுகையாக இருந்த சொல் எல்லாருக்குமான கோரிக்கையாக மாறியது 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில். அந்தக் காலத்தின் பல விவாதங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1651இல் வெளிவந்த லெவியத்தன் நூலில் தாமஸ் ஹாப்ஸ், தடையில்லாமை மட்டுமே லிபர்ட்டி என்றார். இத்தாலியின் லூக்கா நகரக் கோபுரங்களில் லிபெர்தாஸ் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதனால் அங்கே வாழ்பவனுக்கு, சுல்தான் ஆளும் கான்ஸ்டான்டிநோபிளில் வாழ்பவனைவிடக் கூடுதல் லிபர்ட்டி இருக்கிறது என்று யாரும் முடிவுகட்ட முடியாது என்பது அவர் கருத்து. எந்த ஆட்சியானாலும் சட்டம் பேசாத இடத்தில் மனிதன் சும்மா விடப்படுகிறான், அவ்வளவுதான்.

1656இல் ஜேம்ஸ் ஹாரிங்டன் பதில் சொன்னார். கான்ஸ்டான்டிநோபிளில் எவ்வளவு பெரிய பாஷாவானாலும் அவன் தலை சுல்தானின் விருப்பம் உள்ள வரைதான் அவன் கழுத்தின்மேல். லூக்காவின் கடைக்கோடி மனிதனுக்குத் தன் நிலமும் தலையும் சட்டப்படி சொந்தம். பாஷா ஒருநாள்கூடத் தொந்தரவுக்கு ஆளாகாமல் செத்துப்போகலாம். ஆனாலும் அவன் வாழ்ந்தது இன்னொருவர் தயவில்.

இந்த இடத்தில் நான் ஹாரிங்டன் பக்கம். ரோமானிய அடிமைக்கு நல்ல எசமான் வாய்க்கலாம். சவுக்கடி இல்லாமல், வயிறார உண்டு, அவன் வாழ்ந்து முடிக்கலாம். ஹாப்ஸின் அளவுகோல்படி அவனுக்குப் பெரிய குறையில்லை. அந்தச் சொல்லைப் படைத்த ரோமானியருக்கோ அவன் அடிமையே. நம் காலத்தில் குவென்டின் ஸ்கின்னரும் ஃபிலிப் பெட்டிட்டும் 1990களில் இந்தப் பழைய பொருளை மீட்டெடுத்து, ஒருவர் நம்மைத் தடுக்கிறாரா என்பதோடு, நினைத்தால் தடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும் என்றார்கள். ஐசையா பெர்லின் 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய புகழ்பெற்ற உரை எதிர்மறைச் சுதந்திரம், நேர்மறைச் சுதந்திரம் என இரண்டைச் சொன்னது. இந்த மூன்றாவது அதில் சரியாக அடங்கவில்லை. கணவனின் நல்ல மனத்தை நம்பி வேலைக்குப் போகும் மனைவிக்கும், மேலாளரின் முகம் பார்த்து விடுப்புக் கேட்கும் தொழிலாளிக்கும் விளக்கம் தேவைப்படாத பொருள் அது.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய நூலில் லிபர்ட்டி தலைப்பிலேயே இருக்கிறது. பிறருக்குத் தீங்கில்லாத வரை ஒருவர் வாழ்வில் அரசும் சமூகமும் தலையிடக் கூடாது என்ற அதன் வாதம் இன்றும் வலிமையானது. ஆனால் அதே நூலின் தொடக்கத்தில், பின்தங்கிய சமுதாயங்களுக்கு இது பொருந்தாது, அவர்களை எதேச்சாதிகாரத்தால் ஆள்வது முறையே என்றும் மில் எழுதினார். 1823 முதல் 1858 வரை அவர் வேலை பார்த்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில். இந்திய வாசகர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே போகக் கூடாது.

இப்போது அமெரிக்காவுக்குத் திரும்புவோம். லிபர்ட்டி என்று மிக உரத்து ஓலமிடுவோர் அடிமைகளை ஓட்டுவோராகவே இருப்பது ஏன் என்று 1775இல் லண்டனிலிருந்து சாமுவேல் ஜான்சன் கேட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாசசூசெட்ஸின் ஷெஃபீல்டு ஊரில் கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, மனிதர் யாவரும் இயற்கையில் சமம், சுதந்திரர் என்று பிரிட்டனுக்கு எதிராகத் தீர்மானம் எழுதினார்கள். அந்த வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் வேலை செய்துகொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. காது கேட்கும்.

ஒருநாள் வீட்டுக்காரி அடுப்பில் காய்ந்த, தணல் வாரும் கரண்டியால் வீட்டிலிருந்த இன்னொரு சிறுபெண்ணை அடிக்க ஓங்கியபோது, பெட் குறுக்கே கையை நீட்டி அடியைத் தாம் வாங்கிக்கொண்டார். காயம் எலும்பு வரை போனது. ஆறிய பிறகும் அந்தத் தழும்பை அவர் மூடவில்லை. கேட்டவர்களை வீட்டுக்காரியிடமே கேட்கச் சொன்னார். 1780இல் மாசசூசெட்ஸின் புதிய அரசமைப்பு, எல்லா மனிதரும் சுதந்திரராகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்றது. அது வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெட், தியடோர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் போனார். ஷெஃபீல்டு தீர்மானம் எழுதியவர்களில் செட்ஜ்விக்கும் ஒருவர். நானும் மனிதப்பிறவிதானே, இந்தச் சட்டம் எனக்கில்லையா என்பது பெட்டின் கேள்வி. 1781 ஆகஸ்டில் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆஷ்லி அவருக்கு 30 ஷில்லிங் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. பெட் தமக்குப் புதுப் பெயர் வைத்துக்கொண்டார்: எலிசபெத் ஃப்ரீமன். பிறகு கூலிக்கு வேலை செய்து, சொந்தமாக வீடு வாங்கி, 1829இல் இறந்தார்.

பிலடெல்பியாவின் லிபர்ட்டி மணிக்கும் இந்தக் கதைதான். பென்சில்வேனியா சட்டமன்றம் 1751இல் அதை வாங்க முடிவுசெய்தபோது அது வெறும் சட்டமன்ற மணி. 1830களில் அதற்கு லிபர்ட்டி மணி என்று பெயர் கொடுத்துப் பரப்பியவர்கள் அடிமை ஒழிப்பு இயக்கத்தார். மணியில் பொறித்திருந்த விவிலிய வாசகத்தை அவர்கள் உண்மையாகவே படித்தார்கள். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் வரும் அந்தக் கட்டளை ஐம்பதாம் ஆண்டைப் பற்றியது: கடனுக்காக விற்கப்பட்டவர்கள் விடுபட்டுத் தம் நிலத்துக்கும் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும். அங்கே எபிரேயத்தில் இருப்பது தெரோர் என்ற சொல். கி.மு. 24ஆம் நூற்றாண்டின் சுமேரியக் களிமண் எழுத்துகளில் அதற்கும் மூத்த சொல் ஒன்று உண்டு: அமர்கி. கடனால் அடிமைப்பட்டவரின் விடுதலையைக் குறிக்கும் அதற்கு நேர்ப்பொருள், தாயிடம் திரும்புதல்.

1864 ஏப்ரல் 18 அன்று பால்டிமோரில் பேசிய லிங்கன், லிபர்ட்டிக்கு உலகில் நல்ல இலக்கணம் இதுவரை எழுதப்படவில்லை என்று வருந்தினார். ஓநாயின் பிடியிலிருந்து ஆட்டின் கழுத்தை மேய்ப்பன் விடுவிக்கிறான். ஆடு அவனை விடுவித்தவன் என்கிறது. ஓநாயோ தன் லிபர்ட்டியை அழித்தவன் என்கிறது. மாசசூசெட்ஸின் அடுப்படியில் இலக்கணம் 83 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பேன் நான்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தில் இரண்டு சொற்களும் இருக்கின்றன. முகப்புரையில் லிபர்ட்டி, 19ஆம் உறுப்பில் ஃப்ரீடம், 21ஆம் உறுப்பில் உயிருக்கு அடுத்தபடியாக மீண்டும் லிபர்ட்டி. வரைவுக் குழு அந்த 21ஆம் உறுப்பின் லிபர்ட்டிக்கு முன்னால் ‘பெர்சனல்’ என்ற அடைமொழியைச் சேர்த்தது. இந்த ஒற்றைச் சொல்லின் விலை சீக்கிரமே தெரிந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனைச் சென்னை அரசு தடுப்புக்காவலில் வைத்தது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, பெர்சனல் என்பதால் இது உடல் சிறைப்படாமல் இருப்பதை மட்டுமே குறிக்கும், 19ஆம் உறுப்பின் சுதந்திரங்கள் வேறு என்றது. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். அவர் பார்வை வெல்ல 1978இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கு வர வேண்டியிருந்தது. இடையில் 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடிநிலையின்போது சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வர் சொல்ல, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தத் தீர்ப்பைத் தவறென்று நீக்கிய அமர்வில் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட் இருந்தார்.

அதே நெருக்கடிநிலைக் காலத்தில்தான், 1975 அக்டோபரில், கொத்தடிமை முறை ஒழிப்பு அவசரச் சட்டமும் வந்தது. 1976இல் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அரசியல் கைதிகளின் லிபர்ட்டியை நிறுத்திவைத்த அதே அரசு, கடனுக்குக் கட்டுண்ட கூலிகளை விடுவித்தது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது யாருக்கும் நேர்மையாகாது.

தமிழ்நாட்டில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும், முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காக வெளியே போக முடியாமல் நிறுத்தப்பட்ட குடும்பங்கள் இன்றும் மீட்கப்படுகின்றன. இருளர் குடும்பங்கள் அவற்றில் பல. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்து, ஒவ்வொருவருக்கும் விடுவிப்புச் சான்றிதழ் தருகிறார். ரோமானியத் தொப்பி நம் ஊரில் இப்போது ஒரு தாளாக இருக்கிறது. அது கையில் இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவி கிடைப்பது கடினம். பழைய முதலாளி கடனைச் சொல்லி மறுபடி கூப்பிடுவது எளிது.

உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு குடும்பம், முன்பணம் தீரவில்லை என்று சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊர் போக விடாமல் நிறுத்தப்பட்டிருப்பது தெரிந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சான்றிதழைக் கேட்டு வாங்கும்வரை கூட நில்லுங்கள். அவர்களுக்கு ஒரு செய்தியையும் சொல்லுங்கள்: கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இல்லை.